உள்ளங்கையில் வெயில் படும்வரை

"இன்னும் கொஞ்சம் இறுக்குடி. ஏத்தத்துல மனுஷன் சரிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள் மாக்சிமா.

எல்வீரா கயிற்றை அப்பாவின் மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து நாற்காலியின் பின்னால் முடிச்சுப் போட்டாள். இறுக்கினால் அவருக்கு மூச்சு முட்டும், தளர்த்தினால் விழுவார். மூன்று கம்பளிக்குள் இசித்ரோ ஒரு சின்னப் பையன் அளவுக்குத்தான் இருந்தார். இருபத்தாறு வருஷம் வெள்ளீயச் சுரங்கத்தில் தூசி தின்ற நுரையீரல், ஒவ்வொரு மூச்சுக்கும் அடைத்த குழாய் மாதிரி சத்தம் போட்டது.

"அம்மா, வெளிய தண்ணியெல்லாம் உறைஞ்சு கெடக்கு. இந்த நெஞ்சோட இவரை மலைக்குத் தூக்கிட்டுப் போறது கொலைம்மா. நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ. எனக்குத் தெரியாதா?"

"உனக்கு நெஞ்சைத் தெரியும். எனக்கு ஆளைத் தெரியும்."

இசித்ரோ கண்ணைத் திறந்தார். "முதல்ல வெயில்... அப்புறம் வண்டி. பேச்சு... பேச்சுதானே?"

நேற்று மாலை செய்துகொண்ட ஒப்பந்தம் அது. காலையில் நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வரும், அவர் அடம்பிடிக்காமல் ஏறுவார். பதிலுக்கு அதற்கு முன்னால் அவரை மலைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே எல்வீரா வாயைத் திறக்கக் கூடாது.

அந்த ஊரில் தலைமைத் தடியை ஒற்றை ஆளிடம் கொடுப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஒரு வருஷம் சுமக்க வேண்டும். இந்த வருஷம் சுமந்தது இசித்ரோவும் மாக்சிமாவும். பூமியின் தென்பாதியில் ஜூன் மாதம்தான் குளிர்காலம்; வருஷத்தின் நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்பும் காலையில் அந்தச் சுமை இறங்கும். அன்றைக்கு விடிவதற்கு முன் ஊரே மலைமேல் கிழக்குப் பார்த்து வாயை மூடி உட்கார்ந்திருக்கும். போன வருஷம் என்ன செய்தோம், யாரை நோகடித்தோம் என்று அவரவர் மனசுக்குள் புரட்டிப் பார்க்கிற நேரம் அது. முதல் வெயில் உள்ளங்கையில் படும்வரை ஒரு வார்த்தை வரக் கூடாது. தலைமை வீட்டார் யாராவது பேசிவிட்டால் அந்த வருஷம் கணக்கில் சேராது. தம்பதி இன்னொரு வருஷம் சுமக்க வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன் கிழவர் தெலெஸ்போரோவின் மருமகன், கால் மரத்துப்போய், வெயில் வர இரண்டு நிமிஷம் இருக்கும்போது "அய்யோ" என்று கத்திவிட்டான். கிழவர் மறுபடி ஒரு வருஷம் தடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மருமகனை ஊர் இன்றைக்கும் அய்யோ என்றுதான் கூப்பிடுகிறது.

அந்த அய்யோதான் இப்போது நாற்காலியின் ஒரு பக்கம். மறுபக்கம் எல்வீராவின் சித்தப்பா ஃபெர்மின்.

"அண்ணே, நீ வத்திப் போயிட்டன்னு நெனச்சேன். இந்தக் கனம் கனக்குறியே!"

"தடியோட... கனம்டா," என்றார் இசித்ரோ.

உலர்த்திச் சேமிப்பதற்காக, பனியில் உறையட்டும் என்று பரப்பி வைத்த உருளைக்கிழங்குகளைத் தாண்டி நடந்தார்கள். எல்வீராவுக்கு அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே சமயம் அம்மா ஏன் அவசரப்படுகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் இந்தக் காலையைத் தாண்டாவிட்டால் மாக்சிமா தனியாள். தனியாளால் தடியை முடிக்க முடியாது. மந்தையிலிருந்த பதினொரு லாமா ஒட்டகங்களை அறுத்து ஊருக்கு விருந்து வைத்ததும், வயல் சண்டைகளுக்கெல்லாம் ராப்பகலாக ஓடியதும் ஒன்றுமில்லாமல் போகும். பாதியில் விட்ட வீடு என்ற பேர்தான் நிற்கும்.

உச்சியில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தம்பதி மண்ணில்தான் உட்கார வேண்டும். கயிற்றை அவிழ்த்து ஆட்டுத்தோலில் அவரை இறக்கியபோது முதுகு நிற்கவில்லை. எல்வீரா யாரையும் கேட்காமல் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தன் முதுகை அவர் முதுகோடு ஒட்டிக்கொடுத்தாள். அவருக்கு இடப்பக்கம் மாக்சிமா அமர்ந்தாள். அவர்கள் முன்னால் தடியை நட்டார்கள். அத்தோடு பேச்சு நின்றது.

ஊரே கிழக்கைப் பார்த்தது. அவள் மட்டும் மேற்கைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சமவெளி, அதற்கப்பால் மலைகள். முதுகெலும்பில் அவர் மூச்சு தெரிந்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு எண்ணியிருக்கிறாள், ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. ஏழு, எட்டு. மனசுக்குள் வருஷத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் புரட்டியது ஒரே ஒரு பக்கத்தைத்தான். இந்த வருஷம் ஊருக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறாள். இரண்டு முறையும் அப்பாவோடு சண்டை. வண்டியில் ஏறியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நகரம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். நிதானமாகக் கேட்கலாம்.

அப்போது இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது.

மலைமேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அதை மறந்து தொலைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவராகத்தான் இருக்கும். அந்த நிசப்தத்தில் அதிர்வே ஆலைச் சத்தம் மாதிரி கேட்டது. அய்யோ திரும்பிப் பார்த்தான், பாவம், அவன் முகத்தில்தான் எல்லாரையும்விட அதிக பீதி. எல்வீரா பாவாடை மடிப்போடு அதை இரண்டு கையாலும் பொத்தி வயிற்றில் அழுத்தினாள். அது நிற்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் நின்றது.

முதுகை உணர்ந்து பார்த்தாள். எத்தனையாவது மூச்சில் விட்டோம்? இருபத்தொன்றா? காத்திருந்தாள். வரவில்லை. தன் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். கம்பளிகளுக்குள்ளிருந்து ஒரு அசைவும் இல்லை. கனம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

திரும்பலாம். கிடத்தி நெஞ்சை அழுத்தலாம். அந்த நுரையீரலில் திரும்ப எதுவும் ஏறாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கை துடித்தது. அப்பா என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. இத்தனை வருஷம் அவரிடம் எதையெல்லாமோ கத்தியிருக்கிறாள். இந்த ஒன்றைக் கத்த முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், ரத்தம் உப்புக் கரித்தது. முதுகை மட்டும் வளைக்கவில்லை.

மேற்கு மலைகளின் உச்சியில் வெளிச்சம் பட்டது. அங்கிருந்து சரிவில் மெல்ல இறங்கியது. இவ்வளவு மெதுவாகவா வரும் சூரியன்? சனியனே, சீக்கிரம் வா என்று மனசுக்குள் திட்டினாள். புனிதமான நேரத்தில் அந்த ஊரில் சூரியனைத் திட்டியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சுற்றிலும் கம்பளிகள் சரசரத்தன. எல்லாரும் கைகளை உயர்த்துகிறார்கள். தம்பதி இருவரும் உயர்த்த வேண்டும். எல்வீரா இடக்கையைப் பின்னால் விட்டு, அவருடைய வலது முழங்கையைத் தேடிப்பிடித்து மேலே தூக்கினாள். இன்னொரு கை எட்டாது. ஒரு கைதான் உயர்ந்திருக்கிறது என்று யாராவது பார்த்துவிட்டால்?

வெயில் அவள் பிடரியில் பட்டது. எதிரே தரையில் நிழல்கள் நீண்டு விழுந்தன. நடுவில் ஒரு தொப்பி. தொப்பிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைகள் உயர்ந்திருந்தன. அவருடைய இடது கையின் மணிக்கட்டைப் பக்கத்திலிருந்து இன்னொரு கை பிடித்திருந்தது.

அம்மாவுக்குத் தெரியும்.

ஊர் முழங்கியது. ஆட்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஃபெர்மின் ஓடிவந்து குனிந்தார். "அண்ணே! முடிச்சுட்டியே அண்ணே!" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். கை தன்னால் தலைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

"போட்டுக்கோ," என்றாள் மாக்சிமா தணிந்த குரலில். "சனங்க வெயில் காயட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

எல்வீராவின் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"அக்கா, மலையடிக்கு வந்துட்டேன். அப்பவே கூப்பிட்டேனே, எடுக்கலயே? நோயாளிய நான் மேல வந்து தூக்கணுமா?"

"வேணாம் தம்பி," என்றாள். குரல் வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நாங்களே கொண்டுட்டு வர்றோம். மெதுவாத்தான் வருவோம்."

அவள் இன்னும் முதுகை எடுக்கவில்லை. அவர் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள், வெயில் பட்டுக் கதகதப்பாக இருந்தது. அம்மா முழங்காலிட்டு எழுந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ணு கூசும்," என்று சொல்லி, அவர் தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டாள்.