அவள் கேட்ட வைத்தியம்

கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம் வரும். அதனாலேயே அந்தக் கடையில் வேலைக்கு வந்த யாரும் நிலைக்கவில்லை. நிலைத்தது அவன் தங்கை ஒருத்திதான். அப்பா கடையை இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அண்ணன், அண்ணியோடுதான் இருந்தாள். மேஜையில் ஆளுயரக் கண்ணாடியைக் கிடத்தி, கட்டரால் ஒரே இழுப்பில் கீறி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி ஒடிப்பாள். ஒடிகிற சத்தத்தை வைத்தே வெட்டு நேராக விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் தலையோரத்திலும் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். வாடிக்கையாளர் சிலர் அவள் கை பட்ட மீதிச் சில்லறையை வாங்கக் கூசினார்கள். அதையெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். பழக முடியாதது உள்ளங்கைதான். வெடித்து ரத்தம் கசிந்து, பிடித்த கண்ணாடி வழுக்கும்.

அண்ணன் அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனான். மருத்துவர் ஓர் அம்மாள், பொறுமைசாலி.

"இது முழுசாப் போற வியாதி இல்லம்மா, அடக்கி வைக்கலாம். களிம்பு இருக்கு, தோல் மேல லைட் வைக்கிற சிகிச்சை இருக்கு, மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க."

"மாத்திரை குடுங்க," என்றான் அண்ணன். "முன்னாடி சாப்பிட்டப்ப தோல் பளபளன்னு ஆச்சு."

"நான் அவங்களைக் கேட்டேன்."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அந்த மாத்திரை சாப்பிட்ட வருஷம் பூரா வாந்திதான் டாக்டர். வாரத்துல ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியாது. தோல் நல்லாருந்துச்சு, நான்தான் நல்லா இல்ல. உடம்பெல்லாம் சுத்தமாகணும்னு நான் கேக்கல. உள்ளங்கை ஆறினாப் போதும். லைட் வைங்க."

"வாரத்துக்கு மூணு தடவை வரணுமே?"

"வர்றேன்."

மருத்துவர் அதையே எழுதினார். கடை வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், அண்ணனின் புறங்கை அவள் மூக்கில் இறங்கியது. "வாரத்துக்கு மூணு நாள் கடையை யாருடி பாக்குறது? என்னை வெளி ஆளு முன்னாடி செல்லாக்காசு ஆக்கிட்டேல்ல?" வீடு வரைக்கும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். அடுத்த சிகிச்சை நாளன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீடு ரெண்டுபடும் என்று நினைத்துத்தான் திரும்பி வந்தாள். அவன் கை ஓங்கவில்லை. அண்ணி சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் கடைக்கே காபி வந்தது. கசப்பாக இருக்கிறதே என்றதற்கு, "தூள் மாத்திட்டேன்மா," என்றாள் அண்ணி.

உள்ளங்கை மெத்தென்று ஆகத் தொடங்கியது. லைட் வேலை செய்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கொஞ்ச நாளில் வாய்க்குள் எரிச்சல் எடுத்தது. நாக்கிலும் கன்னத்திலும் புண். தண்ணீர் விழுங்கவே உயிர் போனது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் கருநீலத் திட்டுக்கள்.

ஒருநாள் காலை வாய் கொப்பளிக்க வெந்நீர் கேட்டுச் சமையலறைக்குள் போனாள். அண்ணி ஸ்பூனின் பின்பக்கத்தால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். தம்ளருக்குப் பக்கத்தில் மஞ்சள் மாத்திரை அட்டை. முன்பு அவள் சாப்பிட்ட அதே மாத்திரை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் என்று அப்போதைய மருத்துவர் படித்துப் படித்துச் சொன்ன மாத்திரை.

"தினமுமா அண்ணி?"

அண்ணி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "சீக்கிரம் குணமாகட்டும்னு சொன்னாரு. மாட்டேன்னதுக்கு..." என்று கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போனாள். அண்ணன் ஒரு பெரிய முகக்கண்ணாடியை மரச்சட்டத்தில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். அட்டையை அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

"எனக்கு விஷம் வெக்கிறியா?"

"விஷமா? கையப் பாருடி! ஆறியிருக்குல்ல? யாரால ஆறுச்சு? அந்த டாக்டரம்மாவாலயா?"

"என் உடம்புடா இது!"

முதல் அறை அவள் தாடையில் விழுந்தது. புண்ணெல்லாம் கிழிந்து வாய் நிறைய ரத்தம். துப்பக்கூட விடாமல் முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையை மேஜை விளிம்பில் மோதினான். ஒரு தடவை, மறு தடவை. அவள் கைக்கு அளவுகோல் அகப்பட்டது. கனத்த மரக்கோல். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். அவன் காதோரத்தில் சொத்தென்று இறங்கியது. அவன் முடியை விட்டான். அவள் விடவில்லை. தோளில், விலாவில், முட்டியில் என்று இத்தனை வருஷ அடியையும் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி அடித்தாள். அவன் பின்னால் தள்ளாடிச் சட்டத்தில் மோதினான். முகக்கண்ணாடி சரிந்தது. பழக்கதோஷத்தில் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

பிடித்திருக்கக் கூடாது. கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு பாதி அவன் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வரை இறங்கியது. ரத்தம் சுவரில் பீச்சியடித்தது. அவன் ஆச்சரியப்பட்டவன் போலக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

சாகட்டும் என்றுதான் அவள் நின்றாள். ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். பிறகு துப்பட்டாவை உருவி, அவன் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டி, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, ஆம்புலன்ஸ்!" என்று கத்தினாள். கத்தும்போதே அவளுக்கும் கண் இருட்டியது.

இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அவள் ரத்தத்தில் அணுக்கள் படுமோசமாகக் குறைந்திருந்தன. அந்த மாத்திரைக்கான முறிவு மருந்தும் ரத்தமும் ஏற்றினார்கள். காய்ச்சலில் பிதற்றினாள். பிழைத்ததே பெரிய பாடு. போலீஸ் வந்து கேட்டபோது எதையும் மறைக்கவில்லை, கோலால் அடித்ததையும் சேர்த்தே சொன்னாள். கட்டிலருகில் நின்ற அண்ணியும், "நான்தான் கலந்தேன், அவர்தான் கலக்கச் சொன்னார்," என்றாள். அண்ணன் மேல் வழக்குப் பதிவானது.

தோல் மருத்துவர் படுக்கைக்கே வந்தார். "உடம்பு தேறட்டும். அந்த மாத்திரையை இனி நினைச்சே பாக்க வேண்டாம். ஆனா ஊசி இருக்கு, லைட்டை விடச் சீக்கிரம் கேக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். மறுநாள் வரைக்கும் யோசித்தாள். "எனக்கு அவசரம் இல்ல டாக்டர். உடம்புக்குள்ள இனிமே எதையும் விட வேண்டாம். லைட்டே இருக்கட்டும்."

உடம்பு தேறியதும் லைட் சிகிச்சைக்குப் போய் வந்தாள். மாத்திரையில் மறைந்திருந்த திட்டுக்கள் மறுபடி முளைத்தன. உள்ளங்கை மெல்ல ஆறியது, முழங்கை ஆறவில்லை. ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டாள். லைட் வைக்காத நாட்களில் கடையைத் திறந்தாள். ஜாமீனில் வந்த அண்ணன் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. அவனுடைய இரண்டு விரல்கள் மடங்காமலே போய்விட்டன.

ஒருநாள் மத்தியானம் அண்ணி கடை வாசலில் வந்து நின்றாள். கைப்பையோடு, மாற்றுத்துணியோடு.

"அவர் உன்னைப் பாக்கணும்ங்கிறாரு. மன்னிப்புக் கேக்கணுமாம்."

"வேண்டாம் அண்ணி. நான் வரல."

"நானும் திரும்பிப் போகல," என்றாள் அண்ணி.

அவள் உள்ளே நகர்ந்து வழி விட்டாள்.