வீட்டு இங்கிலீஷ்

புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது புனிதாவுக்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருக்கும். ஆனால் வாய் மட்டும் அங்கே சும்மா இருந்ததே இல்லை. மாமியார் கதை, பாசாரில் மீன் விற்கிற விலை, சூப்பர்வைசர் புதிதாக விட்டிருக்கும் மீசை என்று அவள் எடுத்துவிட்டால் கூட நிற்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதே புனிதா இப்படிப் பேசுவாள்:

"கம், பவன். ஈட். ஷூ ஓப்பன். நோ, டர்ட்டி."

அவளுக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். வீட்டில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசக்கூடாது என்பது கணவன் காளிதாஸ் போட்ட சட்டம். மகன் பவனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றதும், தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையைக் காதில் போட்டுக் குழப்பியதால்தான் இப்படி என்று யாரோ காளிதாஸிடம் சொல்லிவிட்டார்கள். அந்த யாரோ நாசமாய்ப் போக! இப்போது பையனுக்கு நாலரை வயது. "மில்க்", "கார்", "நோ" என்று ஒவ்வொன்றாக உதிர்ப்பானே தவிர, இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை.

"நாம எஸ்டேட்ல வளந்து பட்டது போதும். இவனாச்சும் நல்லா வரட்டும்லா" என்பான் காளிதாஸ். சுங்கை ஊடாங்கில் லாரி வொர்க்‌ஷாப்பில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் வருவான். "ஹாய் பாய்" என்று மகன் தலையைத் தடவுவான். அதோடு சரி, போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

வருகிற ஜனவரியில் பவனைப் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும். வயிறு வலிக்கிறது என்றுகூட டீச்சரிடம் சொல்லத் தெரியாத பிள்ளையை எந்த நம்பிக்கையில் அனுப்புவது? அந்தக் கவலையில் புனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் ஒரு மலாய்க்காரப் பெண். தாயும் பிள்ளையும் வீட்டில் பேசுவதைப் போனில் எடுத்து வரச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து முடித்துவிட்டு மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"புவான், நீங்களும் பிள்ளை மாதிரியே பேசுகிறீர்களே. எந்தப் பாஷையில் உங்களுக்கு நீளமாகப் பேச வரும்?"

"தமிழ்ல."

"அப்படியானால் தமிழிலேயே பேசுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால், நீங்கள் அதோடு ஒன்றிரண்டு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். 'சொல்லு, சொல்லு' என்று நெருக்க வேண்டாம். அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்."

வெட்கத்தில் புனிதாவுக்குக் காது சுட்டது. வாயில் வண்டி வண்டியாகப் பேச்சை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறாளே!

காளிதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கி ஸ்கூல்ல எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, இவன் முழிச்சிக்கிட்டு நிப்பான்" என்றான்.

"இப்ப மட்டும் என்ன, மேடையேறிப் பேசுறானா?" என்றாள் புனிதா. அவன் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பேசுவது இவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பவன் "கார்" என்றால் "ஆமா, செவப்பு கார் போவுது" என்பாள். "மில்க்" என்றால் "பவனுக்குச் சூடா பால் வேணும்" என்பாள். மீன் கழுவும்போதும் பேச்சு, துணி காயப்போடும்போதும் பேச்சு. வீட்டுக்குள் யாரோ புது மனுஷி வந்துவிட்ட மாதிரி பையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சில சாயங்காலங்களில் அவளால் முடியவே முடியாது. டிவியைப் போட்டுவிட்டுச் சாய்வாள். மனசு கேட்காமல் மறுபடியும் எழுந்து உட்கார்ந்து பேசுவாள். ஒருநாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணே ஒண்ணாச்சும் திருப்பிக் குடேன்டா, பாவிப் பயலே" என்று அழுதேவிட்டாள்.

பவன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து, அவள் எதுவும் கேட்காத ஒரு நேரத்தில், "சூடா பால்" என்றான். புனிதா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பிடித்துக் கொஞ்சக்கூட உடம்பில் தெம்பில்லை.

அதற்குப் பிறகு இரண்டு சொல் வந்தது. இரண்டைத் தாண்டவில்லை. ஜனவரி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் காளிதாஸ் உடம்பெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்தான். பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டாடி நாத்தம்" என்றான்.

ஹாலில் படுத்திருந்த புனிதா, கண்ணைத் திறக்காமலே அதை நீட்டிச் சொன்னாள். "ஆமா, அப்பா சட்ட நாத்தம் அடிக்குது."

பவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா சட்ட நாத்தம் அடிக்குது. அப்பா போயி குளி."

குளிக்கச் சொல்லி அவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது அவனாகவே சேர்த்தது. புனிதா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தமிழில் பேசினான் என்று இந்த மனுஷன் ஏதாவது சொல்லட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் இருந்தாள்.

காளிதாஸ் கிரீஸ் சட்டையோடேயே தரையில் மகனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ஏன்டா, அப்பா மேல அவ்ளோ நாத்தமாவா அடிக்குது?"

"ரொம்ப அடிக்குது."

காளிதாஸ் சிரித்தான்.

"புனிதா, நானும் இவன்கிட்ட தமிழ்லயே பேசட்டுமா?" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "பேசணும்னு ஆச ஆசயா இருக்கும். இங்கிலீஷ்ல எனக்கு என்னலா வரும்?"

புனிதாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததாக நினைத்திருந்தாள். தலையணையை இழுத்துப் போட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"பேசுங்க. இன்னைக்கி நீங்களே பேசுங்க. எனக்கு வாய் வலிக்குது."