நடுவில் நின்ற பேச்சு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தண்ணீர் மோட்டாரால். அது எரிந்துபோக, தூக்கிக்கொண்டு மெக்கானிக்கின் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்கும் அவர் மனைவியின் தையல் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கமிருந்து அந்த அம்மா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டுவைத்தேன்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒரு நாள் நின்னுச்சு," என்றார்.

ஆக, அந்த அம்மா பிழைத்துக்கொண்டார் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. ஒளித்து வைத்து விளையாட எனக்கு வராது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைகளின் மடியில், மேகங்கள் உறங்கும் அந்தச் சிற்றூரில் மருத்துவ அறிவியலின் ஒளி…"

போதும். அந்த ஊரில் மேகம் உறங்குவதில்லை. ஈரத்துணி மாதிரி கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மறுபடி தொடங்குகிறேன்.

மரமில்லின் மதியச் சங்கு ஊதி ஓய்ந்தது. மெக்கானிக் ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். தடுப்புக்கு அப்பால் அவள் [நேரில் எனக்கு 'அம்மா', அவருக்கு அவள் அவள்தானே] ஒரு வாடிக்கையாளரைப் பற்றிப் பொரிந்துகொண்டிருந்தாள். "தோள் அளவைத் தானே தப்பாச் சொல்லிட்டு, இப்ப வந்து என் தலையில…"

அவ்வளவுதான்.

அந்தப் பேச்சை அவர் காதில் வாங்கிப் பல வருஷமாகிறது. ஆனால் அது நின்றது கேட்டுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தையல் மிஷின்மேல் சாய்ந்து கிடக்கிறாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை தன்னுடையதே இல்லை என்பதுபோலத் தொங்கியது.

3

ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் உண்டு, டியூட்டி டாக்டர் ஒருவர் உண்டு. நரம்பு மருத்துவர் கிடையாது. அவர் இருக்கும் நகரம் மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பகல் முழுக்கப் பயணம். டியூட்டி டாக்டர் காமிரா வைத்த திரை ஒன்றைக் கட்டிலருகே உருட்டிக்கொண்டு வந்தார். திரையில் ஒரு முகம் வந்தது.

[இந்த நரம்பு மருத்துவரை எழுதத்தான் திணறினேன். முதலில் கனிவான புன்னகை ஒன்றைக் கொடுத்தேன். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை: "சிரிக்கல்லாம் இல்ல. கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு உத்துப் பார்த்தாங்க." புன்னகையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.]

"ரெண்டு கையையும் தூக்குங்கம்மா."

இடது கை எழுந்தது. வலது கை படுக்கையிலேயே கிடந்தது.

காமிரா நெருங்கியது. திரையின் மூலையில் அவள் கண் பெரிதாக விரிந்தது. கருவிழியைச் சுற்றித் தேன் நிறத்தில் மெல்லிய கோடுகள். இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் அவர் பார்த்திராத அந்தக் கோடுகளை, எங்கோ இருக்கும் ஒருவர் அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் படங்களும் மலை தாண்டிப் போய்ச் சேர்ந்தன.

"மூளையில ரத்தக் கசிவு இல்ல. குழாயில ரத்தக் கட்டி அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டாத்தான் பலன். கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க? குத்துமதிப்பாச் சொல்லாதீங்க."

"மதியச் சங்கு ஓஞ்ச உடனே நின்னுச்சு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இவ பேச்சு நின்னா எனக்குத் தெரியாமப் போகுமா டாக்டரம்மா?"

"அப்ப நேரம் இருக்கு. ஆனா, இந்த ஊசியால சில பேருக்கு மூளையில ரத்தம் கசியும். உயிருக்கே ஆபத்தாகலாம். போடலாம்ங்கறது என் எண்ணம். நீங்க சொல்லுங்க."

வீட்டில் எந்த முடிவையும் எடுப்பது அவள்தான். அவர் அவள் பக்கம் குனிந்தார். "போடச் சொல்லட்டுமா?"

இடது கை அவர் சட்டையைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும்: இன்னும் என்ன யோசனை?

"போடுங்க," என்றார்.

4

டியூட்டி டாக்டர் ஊசி போட்டார். திரை இனி அணைந்துவிடும் என்று மெக்கானிக் நினைத்தார். அணையவில்லை. அந்த முகம் அங்கேயே இருந்தது, ரத்த அழுத்தம் கேட்டது, விரலைக் காட்டச் சொன்னது, காத்திருந்தது.

பிறகு வலது கையின் கட்டைவிரல் துடித்தது.

"தூக்குங்கம்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்…"

கை எழுந்தது. கம்பிக்குள் கரண்டு எப்படி ஓடும் என்று தெரிந்தவர்தான் அவர். இருந்தும் கும்பிடக்கூடத் தோன்றாமல், கையையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

5

அந்தச் சொல்லை அவர் எனக்குச் சொல்லவில்லை. "டாக்டரம்மாவுக்கும் கேட்டுச்சு. அப்பத்தான் முதல்முறையாச் சிரிச்சாங்க. அது போதும், எழுதிக்கோங்க."

முடிவு அ: அவரைக் கூப்பிட்டாள். [சினிமா.]

முடிவு ஆ: விட்ட வாக்கியத்தைப் பிடித்து, "கட்டறா" என்று முடித்தாள். [கதைக்காரன் புத்தி. இவ்வளவு வசதியாக யாரும் பிழைத்து வருவதில்லை.]

முடிவு இ: "லூசு!" [டாக்டர் சிரித்ததற்குப் பொருந்துகிறது. ஆனால் கதையின் இந்த இடத்தைச் சொல்லும்போது மெக்கானிக்கின் கண் கலங்கியதே? ஒருவேளை அதற்கும் பொருந்துகிறதோ…]

தடுப்பைச் சுற்றிப் போய் அந்த அம்மாவிடமே கேட்டிருக்கலாம். ஏனோ கால் எழவில்லை. எனவே இடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் யார் பேச்சை நீங்கள் காதில் வாங்குவதில்லையோ, அவர் வாயிலிருந்து என்ன வந்தால் உங்களுக்கு உயிர் திரும்புமோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் உதடுகள் அசைந்தன. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"                    "