கடலுக்கு எழுதிய வரி

தேவனாம்பட்டினத்தில் சௌந்தரத்தின் குரலைத் தெரியாதவர் கிடையாது. மீன் அங்காடியில் கூடையை இறக்கி வைத்து அவள் ஒரு சத்தம் போட்டால், பஸ் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று வஞ்சிரத்தைப் பார்ப்பான். அப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து, காது இரண்டும் சுத்தமாகப் போயிற்று. குரல் அப்படியே இருந்தது. அதன் அளவுதான் அவளுக்குத் தெரியாமல் போனது. வீட்டில் மகள் வினோதினி எதிரே உட்கார்ந்து உதட்டை நன்றாக அசைத்துப் பேசுவாள், இவள் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

அந்த வினோதினிக்குச் சிதம்பரத்தில் ஒரு நாடகத்தில் கதாநாயகி வேஷம் கிடைத்தது. அதில் வசனமே கிடையாது, ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டுதான். காது கேட்காதவளுக்கு அங்கே என்ன வேலை?

"நான் வந்து என்னாத்தப் பாக்கறது? நீ வாயத் தொறந்து மூடறதயா?" என்றாள் சௌந்தரம். சொன்னது கோபமாகத்தான். மகள் பாடிக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று உள்ளே மனசு அடித்துக்கொண்டது.

வினோதினி இதை நாடகம் எழுதிய இளவரசுவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இளவரசுக்குச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பாட்டெழுதுவார். மனுஷர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரை கட்டி, பாட்டு வரிகள் ஒவ்வொன்றாகப் பெரிய எழுத்தில் வரும்படி செய்துவிட்டார்.

சௌந்தரமும் புருஷன் தேவநாதனும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பாடுகிறவர்கள் வாய் திறப்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிடும். அதனால் கேலி வரிகளுக்கு மற்றவர்கள் சிரிக்கும் முன்பே இவள் சிரித்துவிட்டாள். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் புரியவில்லை. தேவநாதனுக்கு ஒரே பெருமை.

கடைசிப் பாட்டு வந்தது. கடலே இல்லாத ஊருக்குக் கல்யாணமாகிப் போகும் பெண், கடலிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள்.

*இந்தச் சேலையைத் துவைக்க மாட்டேன்,
இதுல கடலு இருக்குது.*

அதைப் படித்ததும் சௌந்தரத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேடையிலிருந்து மகள் அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த வரியில் கடல் பதில் சொல்ல வேண்டும். அதையும் வினோதினிதான் பாட வேண்டும். ஆனால் அவள் உதடு நின்றுவிட்டது.

திரையில் கடலின் வரி வந்து அப்படியே நின்றது. ஆர்மோனியக்காரரின் விரல்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. வினோதினி நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. பெண்ணுக்கு மறந்துபோயிற்று என்று தாய்க்கு விளங்கிவிட்டது. வினோதினி நேராக அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சௌந்தரம் திரையைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்:

"போயிட்டு வாடி பொண்ணே, கடலு எங்கயும் போவாது."

உதட்டை மட்டும் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. தேவநாதன் கையைப் பிடித்து அழுத்தினான். ஐயையோ என்று முந்தானையால் வாயைப் பொத்தியவள், நாடகம் முடியும்வரை நிமிரவே இல்லை. பெண்ணின் மானத்தைச் சபையில் கப்பலேற்றிவிட்டோமே என்று குன்றிப்போனாள்.

முடிந்ததும் வினோதினி வேஷத்தோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"சத்தமாவா சொன்னேன்?"

"கடசி வரிசை வரைக்கும் கேட்டுச்சும்மா."

"உன் பேரக் கெடுத்துட்டனாடி?"

"எனக்குச் சுத்தமா மறந்து போச்சு. நீ சொல்லலன்னா அங்கயே அழுதிருப்பேன். நாடகத்துல அப்பிடித்தான்னு ஜனங்க நெனச்சிக்கினு கை தட்னாங்கம்மா!"

பின்னாலேயே இளவரசு வந்தார். சௌந்தரம் கையெடுத்துக் கும்பிட்டாள். "காது போனப்புறம் எம்பொண்ணு பாட்ட இன்னிக்குத்தான் சார் கேட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

அவர் ஏதோ சொன்னார். அந்த மீசைக்குள் உதடே தெரியவில்லை. வினோதினிதான் திரும்பச் சொன்னாள்:

"கடல் பாடறதா எழுதிட்டாராம். அது ஒரு அம்மா சொல்ல வேண்டிய வரின்னு இன்னிக்கு நீ சொன்னப்பதான் அவருக்கே தெரிஞ்சுதாம். ரொம்ப நன்றிங்கறாரு. அடுத்த வாரம் கடலூர்ல ஆடறப்பவும் கீழ உக்காந்து நீயே சொல்லணுமாம்."

"நல்லா இருக்குதே! காது கேக்காதவளுக்கு எப்ப சொல்றதுன்னு எப்பிடித் தெரியும்?"

வினோதினி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு தெளிவாகத் தெரியும்படிச் சொன்னாள்:

"நான் பாடறத நிறுத்திட்டு உன்னப் பாப்பேன். அப்ப சொல்லும்மா."