ஷ்யாமளா மாப்பிள்ளை பார்த்த கதை

1

இந்தக் கதை கிடைத்தது காற்றுக்காகப் போன இடத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, மே மாதப் புழுக்கம். பம்பாயில், கோட்டைப் பக்கத்துப் பெரிய துணிக்கடை ஒன்றில் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சு போட்டிருப்பார்கள். வாங்க வக்கில்லாத நானும் அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்சிச் சீமாட்டிகள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள், கண்ணாடியைக் கண்டால் தலை வாரிக்கொள்ளும் கல்லூரிப் பையன்கள். பெஞ்சின் மறுகோடியில் ஒரு தமிழ்ப் பெண். அவள் மட்டும் புடவைப் பகுதியில் நின்ற ஒரு விற்பனையாளனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மையல் இல்லை. பரீட்சைத்தாள் திருத்துகிற முகம்.

நான் கண்டது இவ்வளவுதான். மிச்சத்துக்கு நானே பொறுப்பு.

2

கருமேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில்

(வேண்டாம். மே மாதத்துப் பம்பாயில் ஏது கருமேகம்?)

பேரழகி ஷ்யாமளா

(இதுவும் வேண்டாம். சாதாரணமாகத்தான் இருந்தாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஷ்யாமளா மாட்டுங்காப் பெண். கோட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா பஞ்சு அய்யர் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "நாளைக்குப் பொண் பார்க்க வரா. மகாதேவன்னு பேர். கோட்டையில அந்தப் பெரிய துணிக்கடையில வேலை," என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்தார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிறவன் தன்னைப் பார்க்கும் முன் தான் அவனைப் பார்த்துவிடுவது என்று அவள் முடிவுசெய்தாள். அன்று சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ்; முடிந்ததும் நேரே கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கடைப்பையன் ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் ஆள் தெரிந்துவிட்டது.

3

அப்போது தாராவியிலிருந்து பூமாரி வந்தாள். (அவளும் என் கற்பனைதான். ஆனால் எழுத எழுத என் பேச்சைக் கேட்காதவள்.) தோல் கிடங்கில் வேலை. தங்கை கல்யாணத்துக்குப் புடவை வேண்டும். மகாதேவன் பொறுமையாக எடுத்துப் போட்டான். அவள் ஒரு மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏய், ஹாத் மத் லகாவ்!" கை வைக்காதே என்று முதலாளி கல்லாவிலிருந்து கத்தினார். தோல் நாற்றம் புடவையில் ஏறிவிடுமாம்.

கடை முழுதும் திரும்பிப் பார்த்தது. மகாதேவன் கையில் கஜக்கோலோடு தரையைப் பார்த்து நின்றான்.

"தொட்டா தேஞ்சா போயிரும்?" என்றாள் பூமாரி. புடவையை நிதானமாக மடித்து அவன் முன்னால் வைத்துவிட்டு வெளியேறினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கஜக்கோலைப் போட்டுவிட்டு ஓடினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முதுகு தெரிந்தது. பிறகு கூட்டம் மறைத்தது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை.

4

வெளியே என்ன நடந்தது? அந்தப் புடவையை அவனே வாங்கிக் கொடுத்ததாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன், சினிமா வாடை. கதவுக்கு வெளியே ஷ்யாமளாவால் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவளே கேட்கட்டும் என்று விட்டேன்.

5

கேட்டாள். ஞாயிறு, பஜ்ஜி சொஜ்ஜி முடிந்து, பெரியவர்கள் ஜாதகத்தில் மூழ்கியிருந்தபோது, பால்கனியில்.

"நேத்திக்கு அந்தம்மா பின்னாடி ஓடினேளே, என்ன சொன்னேள்?"

மகாதேவனுக்கு முகம் வெளுத்தது. "நீங்க அங்கே இருந்தேளா?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலை. மன்னிச்சுக்கோங்கோன்னு சொல்லத்தான் ஓடினேன். அவா ட்ராம்ல ஏறிண்டிருந்தா. கூப்பிட்டிருக்கலாம். முதலாளி பார்த்துடுவாரோன்னு குரல் எழும்பலை. வந்துட்டேன்."

"சொன்னேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே?"

"தோணித்து," என்றான்.

அவளுக்கு நல்லவன் என்றும் தோன்றியது. கோழை என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தால் என்ன செய்வது என்று ஷ்யாமளாவுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. (எனக்கும்தான்.)

கிளம்பும்போது அவன் வாசலில் நின்று பஞ்சு அய்யரிடம், "பொண்ணைக் கேட்டுண்டு சொல்லுங்கோ, மாமா," என்றான். அய்யருக்கு அது புதுப் பாஷை.

6

அவர் உள்ளே வந்தார். தயங்கினார். மேல்துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஏண்டி ஷ்யாமு, நோக்கு என்ன தோணறது?"

'சம்மதம்' என்று ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். 'வேண்டாம்பா' என்றும் ஒன்று. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. உங்களுக்கும் ஒன்று தயாராக இருக்கும், தயவுசெய்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அவளை ஒருவர் கேட்டிருக்கிறார். பதிலை நானும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது.

ஷ்யாமளா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "உக்காருங்கோப்பா," என்றாள். "சொல்றேன்."