அண்ணனின் முகவரி

அண்ணன் போனபின் அண்ணி அந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. கெஞ்சி, சண்டை போட்டு, ஒருவழியாக எங்களோடு வந்து இருக்கச் சம்மதிக்க வைத்தேன். மாடியறையில் அண்ணனின் யூனிக்ஸ் கணினியில் உள்ளதையெல்லாம் நகலெடுத்துத் தர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. "அது முடிஞ்சதும் கிளம்பிடறேன்டா" என்றார். வண்டிக்கும் சொல்லியாயிற்று.

அண்ணன் இறந்த அன்று விழுந்த இடியில் அந்தக் கணினியை மற்றவற்றோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு கருகிவிட்டிருந்தது. அதைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். செருகினால் மட்டும் போதுமா? யூனிக்ஸுக்கு மாப்பிள்ளை முறுக்கு, எல்லாவற்றையும் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏற்றி, அண்ணன் எப்போதும் வைத்திருந்த அதே நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தேன். கேபிளின் மறுமுனையில் என் லேப்டாப் மட்டும்தான், வேறு எதுவும் கிடையாது.

இந்த முகவரி ஏற்கெனவே இன்னொரு கணினியிடம் இருக்கிறது என்றது திரை. கூடவே அந்தக் கணினியின் கார்டு எண்ணையும் காட்டியது. தொழிற்சாலையிலேயே பதிக்கிற எண் அது. ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு வராது.

"இன்னொரு கணினியா? எங்கடா இருக்கு?"

"ஏதோ கோளாறு அண்ணி, சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி.

அண்ணி கருகிய கார்டைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "எட்டு, சைபர், ஏ, மூணு..." என் கண் திரையில் அவர் குரலோடு நகர்ந்தது. கடைசிவரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

அதற்கடுத்த முகவரியைக் கொடுத்தேன். கார்டு சமர்த்தாக ஏற்றுக்கொண்டது, நகல் ஓடத் தொடங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். கை கேட்டால்தானே? அண்ணனின் முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று பிங் அடித்து, அதாவது கூப்பிட்டுப் பார்த்தேன்.

பதில் வந்தது. நொடிக்கொன்றாக வந்துகொண்டே இருந்தது. அண்ணனோடு அத்தனை காலம் வாழ்ந்த அண்ணிக்கு அதைப் படிக்கத் தெரியாதா என்ன?

நகல் முடிந்தபோது கீழே ஹாரன் அடித்தார்கள்.

"வேலை முடிஞ்சிடுச்சு அண்ணி. வாங்க, போயிடலாம்." குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்ணி நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவரு இங்க இருக்கறப்ப நான் எங்கடா வர்றது? வண்டியை அனுப்பிடு. உன் லேப்டாப் மட்டும் கேபிளோட இப்படியே இருக்கட்டும்."