நடுத்தண்ணீர்

அயல் படகில் யாரோ எச்சரிக்கையாகச் சட்டியில் அடிக்கும் சத்தம் கேட்டபோது பிறேமினி மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரம். தன் படகிலிருந்து எட்டிப் பார்த்தால், கால்வாய்க்கரைப் பாதையில் ஏழெட்டுப் பேர் கம்பிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். போன கிழமை வேறொரு கரையில் படகுகளின் கண்ணாடிகளை உடைத்து, ஒன்றைக் கொளுத்தியும் விட்டுப் போன கூட்டம்.

இல்ஃபோர்ட் வீட்டை விட்டு அவர்கள் படகுக்குக் குடிவந்து அதிக நாளில்லை. இரண்டு கிழமைக்கொருக்கால் கரை மாறுகிற பிழைப்பு. மற்றப் படகுக்காரர் கயிற்றைக் கரையிலுள்ள இரும்பு வளையத்தில் நுழைத்து, முனையைத் திரும்பவும் படகிலேயே கட்டுவார்கள். அவள் புருஷன் கிளின்ரனுக்கு அது சரிவரவில்லை. "கயித்தை நம்பி ஆரும் வீட்டை விடுவினமோ?" என்று கேட்டு, சங்கிலி போட்டு, ஆமைப்பூட்டும் போட்டான். அந்தப் பூட்டின் திறப்பு இப்போது, ஹவுன்ஸ்லோவில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்த அவனிடம் இருந்தது.

அப்போதுதான் அவள் அதைக் கண்டாள். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. ஒவ்வொரு படகிலும் ஒருவர் குனிந்து முடிச்சை அவிழ்க்க, நீண்ட கழியால் இன்னொருவர் கரையைத் தள்ள, ஒரு தெருவே எழுந்து நடுத்தண்ணீருக்குப் போனது. பிறகுதான் தெரிந்தது, கரையில் மிஞ்சியது தன்னுடைய படகு மட்டும்தான் என்று. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

போன படகுகள் திரும்பி வந்தன. தண்ணீர்ப் பக்கமாக அவள் படகோடு ஒட்டிக்கொண்டன. பத்துப் பன்னிரண்டு பேர் அவள் கூரையில் ஏறி, கழிகளைக் கரைப்பக்கம் நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அடுத்த படகு நீலவேணி, கோலாலம்பூர்க்காரி, பகலில் வங்கியில் வேலை, இரும்பு வெட்டியோடு உள்ளே குதித்தாள்.

"பயப்படாதீங்க. பிள்ளையைக் கீழ உட்கார வைங்க."

சங்கிலி அறுந்தது. படகுகள் எல்லாமாக ஒரே கூட்டாய் நடுத்தண்ணீருக்கு நகர்ந்தன. கம்பிகளோடு வந்தவர்கள் கரையில் நின்று கல் எறிந்தார்கள், கெட்ட வார்த்தை எறிந்தார்கள். கடைசியில் அலுத்துப்போய் நடந்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்தது. இந்த மனிதரில் பாதிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அவள் போன் எடுத்துச் சொன்னதும் கிளின்ரன் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். கரையில் வீடு இல்லை. வளையத்தில் அரைச் சங்கிலி தொங்கியது. பூட்டை இழுத்துப் பார்த்தான்; நன்றாகத்தான் பூட்டியிருந்தது. திறப்புக் கோர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பிறேமினி படகைக் கரைக்குக் கிட்டக் கொண்டுவந்து கயிற்றை எறிந்தாள்.

"வளையத்துக்குள்ளாலை விட்டுட்டு, முனையை என்னட்டைத் திருப்பித் தாங்கோ."

அவன் குனிந்து நுழைத்தான். ஈரக்கயிற்றின் முனை தண்ணீருக்கு மேலால் அவள் கைக்கு வந்தது.